களஞ்சியத்தை எப்பத் திறக்கணும்

கையா? ஒண்ணுமில்லண்ணே, கலகம். எங்காளுங்கதான் ஒடிச்சானுங்க. நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்க, பஸ் குலுங்குறப்ப இந்தக் கட்டு உங்க தோள்ல இடிக்குது. கன்னத்துல தெரியுறது சால்னா பட்ட தழும்பு. அது நானே ஊத்துனது, எம்மேலயும் தெறிச்சிருச்சு. முறையாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நீங்க போன்ல கேம் விளையாடுவீங்களா? சுடுறது, கார் ஓட்டுறது, அதெல்லாம் சின்னப்பயக வேலை. நான் சொல்றது ராஜாக்கள் காலத்து கேம். ‘மண்டலாதிபதி’ன்னு பேரு. ஆரம்பத்துல ஒரு கோட்டையும் நாலு வயலும் குடுப்பான். ஏரி வெட்டுறது, நெல்லு விளைய வைக்கிறது, படைக்கு எவ்வளவு, குடிசனத்துக்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது, அம்புட்டும் நாமதான். ஒவ்வொரு ஊர் மேலயும் ஒரு கோடு இருக்கும். அதுதான் விசுவாசம். பச்சையா இருந்தா ஜனம் உங்க பக்கம். மஞ்சளானா முணுமுணுக்குறானுங்கன்னு அர்த்தம். செவந்துச்சுன்னா போச்சு, நீங்க வச்ச அதிகாரி தலையை வெட்டி ஈட்டியில குத்தி கோட்டை வாசல்ல வச்சிருவானுங்க. அந்தப் படத்தைத் தத்ரூபமாப் போட்டிருப்பான்ணே, ரத்தம் சொட்டும்.

விவரம் தெரியாதவன் என்ன செய்வான்? எப்பவும் பச்சையாவே இருக்கட்டும்னு களஞ்சியத்தைத் திறந்து விட்டுருவான். ஜனம் தின்னுக்கிட்டே இருக்கும். தின்னு பழகுனவன் நன்றி சொல்ல மாட்டான். நான் அப்படி இல்ல. களஞ்சியத்தைப் பூட்டிருவேன். கோடு மஞ்சளாகும், செவப்பைத் தொடப் போகும். அங்கதான் இருக்கு சூட்சுமம். தொடுறதுக்கு ஒரு நொடி முன்னாடி கதவைத் திறந்து விருந்து போடணும். அடேங்கப்பா! கோடு ஒரே தாவா உச்சிக்குப் போகும். தினம் சோறு போட்ட ராஜாவுக்குக் கிடைக்காத விசுவாசம், பட்டினி போட்டு விருந்து வச்ச ராஜாவுக்குக் கிடைக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. நானாக் கண்டுபிடிச்சது.

மாவலிக்கோட்டைன்னு ஒண்ணை அப்படித்தான் பிடிச்சேன். முதல்ல சுத்தி இருந்த வயலைக் கொளுத்தினேன். அப்புறம் வாய்க்காலை அடைச்சேன். உள்ள இருந்தவனுங்க குதிரையைத் தின்னானுங்க, நாயைத் தின்னானுங்க, கடைசியில அவனுங்களே கதவைத் திறந்து விட்டானுங்க. திறந்து விட்டவனை எல்லாம் வரிசையா நிக்க வச்சு வெட்டினேன். பின்ன? சொந்த ராஜாவைக் காட்டிக் குடுத்தவன் எனக்கு மட்டும் நிப்பானா? மிச்சம் இருந்தவனுக்குச் சோறு போட்டேன். எல்லாம் பச்சை. நீங்க ஏன் முகத்தைத் திருப்புறீங்க? கேம்தானேண்ணே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க அத்தான், அதான் அக்கா வீட்டுக்காரரு, மெட்ராஸ்ல லேபர் காண்ட்ராக்டர். பெரிய பெரிய அடுக்குமாடி கட்டுறாங்கல்ல, அதுக்கு ஆள் விடுறவரு. கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் பொட்டக்காட்டுல ஒரு சைட்டு. ஆளுங்க தங்குறதுக்குத் தகரக் கொட்டகை, அங்கனயே சமையல், சாப்பாடு. எங்க அக்கா பேச்சியம்மா அத்தான்கிட்டச் சொல்லி, அந்த மெஸ்ஸை என் கையில வாங்கிக் குடுத்தா. “பூவலிங்கம், பெரிய பொறுப்புடா, வயித்துச் சமாச்சாரம்”னா. எனக்கா தெரியாது? நான் ராஜ்ஜியமே நடத்துறவன்.

அங்க ரெண்டு கோஷ்டி. ஒண்ணு நம்ம அருப்புக்கோட்டை, சாயல்குடி பக்கத்து ஆளுங்க. இன்னொண்ணு திருவண்ணாமலைக்காரனுங்க, கம்பி கட்டுறவனுங்க. சமையலுக்குச் சடையாண்டின்னு நம்ம ஊர்க்காரன். நான்தான் கூட்டிட்டு வந்தேன். கேம்ல தளபதின்னு ஒருத்தனை வைப்போம்ல, எனக்குச் சடையாண்டி அப்படி.

ஐப்பசி மழையில ரோடு அத்துப்போச்சு. அரிசி லாரி வரல. நாலு நாள் ஆளுக்குப் பாதிச் சோறுதான் போட முடிஞ்சது. அது என் தப்பில்ல, மழை. பய எல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்சானுங்க. அஞ்சாம் நாள் லாரி வந்து, வயிறு முட்டப் போட்டேன் பாருங்க, விசில் அடிச்சானுங்கண்ணே! திருவண்ணாமலைக்காரன் ஒருத்தன், ஏழுமலைன்னு பேரு, என்னைத் தோள்ல தூக்கிட்டுக் கொட்டகையைச் சுத்தி வந்தான். அதுக்கு முந்தி ஒரு வருசமா வயிறு முட்டத்தான் போட்டேன், ஒருத்தன் வணக்கம் வச்சதில்ல. தோள்ல உக்காந்திருக்கப்பவே எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அட, கேம்ல வர்றதேதான்!

அப்புறம் மழை நின்னுச்சு. லாரி ஒழுங்கா வந்துச்சு. நான் ஸ்டோர் ரூமைப் பூட்டிட்டேன்.

என்ன பாக்குறீங்க? காசுக்குன்னு நினைக்காதீங்க. ஒரு மூட்டை நான் வெளிய வித்திருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். மூட்டை எல்லாம் உள்ளதான் அடுக்கி இருந்துச்சு. எலிக்கு மருந்து வச்சு, பாய் விரிச்சு, பொன்னு மாதிரிப் பாத்துக்கிட்டேன். பஞ்சம் வேற, நிர்வாகம் வேறண்ணே. “லாரி வரல”ன்னு சொன்னேன். ஆளுக்குப் பாதி. மறுசோறு கிடையாது. மெயின் ரோட்டுக் கடைக்குப் போய் பரோட்டா தின்னுட்டு வந்தானுங்கன்னா நம்ம கணக்குக் கெட்டுப்போகும்ல, அதனால வாசல் வாட்ச்மேன்கிட்டச் சொல்லி, வேலை முடிஞ்சப்புறம் யாரையும் வெளிய விடாதன்னுட்டேன். திருட்டுப் போகுதுன்னு ஒரு காரணம் சொன்னேன். முற்றுகைன்னா முழுசாப் போடணும்.

ஆனா எல்லாரையும் ஒண்ணாப் பட்டினி போடக் கூடாது. அப்படிப் போட்டா ஒண்ணு சேந்துருவானுங்க. பாதிப் பேரையாவது பச்சையில வச்சிருக்கணும். அதனால நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் தனிப் பானை, முழுச் சோறு, ஆளுக்கு ஒரு அவிச்ச முட்டை. கம்பிக் கோஷ்டி அதைப் பாத்துக்கிட்டே தன்னோட பாதியைத் தின்னணும். சடையாண்டி மட்டும் முணுமுணுத்தான். “அண்ணே, அரிசிதான் இருக்கே, போட்டுருவோம்ணே. அவனுங்க தட்டை நக்குறதப் பாத்தா எனக்கே இறங்க மாட்டேங்குது”ன்னான். நான் அவனுக்கு ரெண்டு முட்டையாக் குடுத்தேன். தளபதிக்கு எப்பவும் கூட ஒரு பங்கு வைக்கணும்.

கம்பிக் கோஷ்டியில கன்னியப்பன்னு ஒருத்தன். குச்சி மாதிரி இருப்பான், ஆனா சோறுன்னா உசிரு. அவன் ஒரு நாள் மத்தியானம், நான் அங்கிட்டுத் திரும்பினப்ப, நம்ம ஆளுங்க பானையில கையை விட்டு ஒரு பிடி அள்ளிட்டான். பாத்துட்டேன். பாத்துட்டு விட்டா நாளைக்கு அத்தனை பேரும் அள்ளுவான். கையில இரும்புக் கரண்டி இருந்துச்சு. நெத்தியில ஒண்ணு போட்டேன். ‘ணங்’ன்னு சத்தம் கேட்டுச்சு. கீழ உக்காந்துட்டான். முதுகுல நாலு, கையில ரெண்டு. எல்லாருக்கும் தெரியணும்ல? ரத்தம் பொலபொலன்னு அவன் தட்டுலயே விழுந்துச்சு. அந்தப் பய என்ன செஞ்சான் தெரியுமா? ரத்தம் பட்ட சோத்தை மட்டும் விரலால ஓரத்துக்கு ஒதுக்கி வச்சுட்டு, மிச்சத்தைத் தின்னான்ணே! அடி வாங்கிக்கிட்டே தின்னான். அவ்வளவு பேராசை.

ஏழுமலை எந்திரிச்சான். “இன்னாத்துக்குணா இந்த அடி? சோத்துக்கா? ஒரு பிடி சோத்துக்கா?”ன்னான். என்னைத் தோள்ல தூக்குனவன்தான். அவன் வயித்துல ஒரு மிதி விட்டேன். நம்ம ஆளுங்க முட்டையை வாயில வச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்திருந்தானுங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பாத்தீங்களா, பச்சை!

அக்கா காதுக்கு எப்படியோ போயிருச்சு. போன் போட்டா. “டேய், சோத்துல கை வைக்காதடா. என் தலையில பாவத்தை ஏத்தாத”ன்னு அழுதா. பொம்பளைக்கு ராஜ்ஜியம் எங்க புரியும்? “கவலைப்படாதக்கா, இன்னும் ரெண்டு நாள்ல எல்லாரும் என்னைக் கும்பிடுவானுங்க”ன்னேன். கணக்குப்படி விருந்து நாள் நெருங்கிருச்சு. மட்டன் எல்லாம் சொல்லி வச்சாச்சு.

மறுநாள் காலையிலயே கன்னியப்பன் ஒம்பதாம் மாடியிலருந்து விழுந்துட்டான்.

அதுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லண்ணே. தலை சுத்துதுன்னு காலையிலயே சொன்னானாம். தலை சுத்துறவன் எதுக்கு மேல ஏறணும்? கீழ நட்டு வச்சிருந்த கம்பி மேல விழுந்தான். ஒண்ணு இங்கன, விலாவுல ஏறி முதுகுல வந்துருச்சு. கம்பியை அறுத்து எடுத்துத்தான் தூக்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நேரம் உசிரு இருந்துச்சாம். ‘தண்ணி, தண்ணி’ன்னானாம். பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு.

பயக வேலையை நிறுத்திட்டு வந்து கொட்டகையில உக்காந்தானுங்க. ரெண்டு கோஷ்டியும். நான் சடையாண்டியை உலை வைக்கச் சொன்னேன். ஏழுமலை வந்து நின்னான். கண்ணெல்லாம் ரத்தமாட்டம் இருந்துச்சு. “பாடி ஊருக்குப் போற வரைக்கும் உலை வைக்காத. அவன் பொண்டாட்டி வந்துட்டிருக்கா”ன்னான். அப்புறம் பாருங்க, அவன் போய் அவனோட தட்டை எடுத்துத் தரையில கவுத்தி வச்சான். ஒவ்வொருத்தனாக் கவுத்தி வச்சானுங்க. நம்ம பக்கத்து ஆளுங்களும்தான்.

நான் அந்தத் தட்டுகளைப் பாத்தேன். அரசியல் தெரிஞ்சவனுக்கு ஒரு பார்வை போதும்ணே. கோடு செவப்பைத் தொடப் போகுது. இன்னும் ஒரு நொடிதான் இருக்கு. இதுதான் நேரம், இதை விட்டா கலகம். ஸ்டோர் ரூம் சாவியை எடுத்தேன்.

சடையாண்டி கால்ல விழாத குறை. “அண்ணே, வேணாம்ணே. சாவு விழுந்த எடம்ணே. நம்ம வீட்டுல விழுந்தா அடுப்பு மூட்டுவோமா?”ன்னான். “இது வீடாடா? கொட்டகை”ன்னேன். “எவனுக்கும் பொறந்த எடம் இதில்ல. பிரியாணி வாசம் மூக்குல ஏறட்டும், ஒவ்வொருத்தனாத் தட்டை நிமித்துவான் பாரு.” அவன் செய்ய மாட்டேன்னுட்டான். நானே விறகை அடுக்கினேன். நானே அண்டாவை ஏத்தினேன். சீரகச் சம்பா அரிசி, சொல்லி வச்ச கடையிலருந்து அப்பவே வரவழைச்ச இளங்கறி, நெய்யை அப்படியே கவுத்தினேன். சால்னா தனி. எங்க அக்கா கல்யாணத்துக்குக் கூட அப்படி வாசம் வந்ததில்ல. யாருக்காகச் செஞ்சேன்? அவனுங்களுக்காகத்தானே?

தம் உடைக்கிற நேரத்துக்குச் சரியா வண்டி வந்துச்சு. கன்னியப்பன் பெட்டி, துணிமணி எல்லாம் கொட்டகையில இருக்குன்னு, ஊருக்குப் போற வழியில பாடியை இங்கன கொண்டுட்டு வந்துட்டானுங்க. பொண்டாட்டி முன் சீட்டுலருந்து இறங்கினா. சின்னப் பொண்ணு, வயித்துல புள்ள. அண்டாவுலருந்து புகை கிளம்புது. அவ அதைப் பாத்தா, கவுத்தி வச்ச தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. மெதுவாக் கேட்டா.

“இன்னிக்கு இங்க இன்னா விசேஷம்?”

ராஜாங்கிறவன் அந்த நேரத்துல பேசாம இருக்கக் கூடாது. நான் கரண்டியோட ஒரு எட்டு முன்னால போயி, “விசேஷம் ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுக்காரருக்குப் பிரியாணின்னா பிடிக்கும்னு போட்டேன். பிள்ளத்தாச்சி, தூரத்துலருந்து வந்திருக்கீங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க”ன்னேன். இதுல என்னண்ணே தப்பு? நீங்களே சொல்லுங்க. மனசாரச் சொன்னேன்.

அந்தப் பொண்ணு அப்படியே மண்ணுல உக்காந்தா. வாயில துணியை வச்சுக்கிட்டு வாந்தி எடுத்தா.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் துண்டு துண்டாத்தான் ஞாபகம் இருக்கு. ஏழுமலை அண்டாவை எட்டி உதைச்சான். சூடு பட்டு அவன் காலே வெந்திருக்கும், அப்பவும் உதைச்சான். சரிஞ்சு, அம்புட்டு பிரியாணியும் மண்ணுல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! அடுப்புல கொதிச்சுக்கிட்டிருந்த சால்னாச் சட்டியைத் தூக்கி அவன் நெஞ்சுல ஊத்தினேன். தோலு வாழைப்பழம் உரிச்ச மாதிரி வந்துச்சு. அவன் போட்ட சத்தம் இருக்கே! பின்னால ஒருத்தன் செங்கல்லால மண்டையில போட்டான். இன்னொருத்தன் கம்பி வளைக்கிற ராடால முட்டியில. நான் கீழ கெடந்தபடியே நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தானுங்க. வந்து மிதிச்சானுங்க! உண்மையைச் சொன்னா, கம்பிக் கோஷ்டியோட அடி அவ்வளவா வலிக்கல, அவனுங்க கையில தெம்பில்ல. முட்டை தின்னவனுங்க அடிதான் எலும்புல இறங்குச்சு. என் முட்டைண்ணே!

கடைசியாச் சடையாண்டி வந்தான். அப்பாடா, தளபதி வந்துட்டான்னு கையை நீட்டினேன். அவன் கையில சோறு கிண்டுற துடுப்பு. தேக்கு மரத்துல செஞ்சது, நம்ம ஊர்ல நானே சொல்லிச் செய்ய வச்சது. நீட்டின கையைக் காலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நெல்லுக் குத்துற மாதிரி அந்தத் துடுப்பைச் செங்குத்தா இறக்கினான். மூணு தரம். எலும்பு ரெண்டும் வெளிய வந்துருச்சு. அடிச்சுக்கிட்டே அழுதான். “நான்தான்ணே பாதி பாதியா அளந்து போட்டேன், இந்தக் கையாலதான்ணே போட்டேன்”னு அழுதான். உன் கையாலதான போட்ட, அப்புறம் எதுக்கு என் கையை உடைக்குற? பைத்தியக்காரப் பய.

போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில போட்டாங்க. வேடிக்கையைப் பாருங்க, ஏழுமலைக்கு எதுத்த வார்டு, எனக்கு இந்த வார்டு, நடுவுல கதவு கிடையாது. படுத்துக்கிட்டே ரெண்டு பேரும் பாத்துக்கலாம். கேஸ் என்னாச்சா? அது நடந்துக்கிட்டு இருக்கு, கையெழுத்துப் போட வரணும். அத்தான் எட்டிக்கூடப் பாக்கல. காண்ட்ராக்ட் போயிருச்சுன்னு கோவம். அவரு கோட்டை எல்லாம் எப்பவும் மஞ்சள்தான்ணே, நான் அவரை நம்பினதே இல்ல. நான் நம்பினது அக்காவை. தலைநகரம் மாதிரி. நாலு பக்கமும் எரிஞ்சாலும் தலைநகரம் நிக்கும்.

மூணாம் நாள் வந்தா. கையில அடுக்குச் சட்டி. தூரத்துலயே எனக்கு வாசம் வந்துருச்சு, அயிரை மீன் குழம்பு. ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்கு இறங்கல, ஒரே வாந்தி, ரெண்டு நாளா வெறும் வயிறு. தட்டை எடுத்து இடது கையில வச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தேன். அவ நேரா ஏழுமலை கட்டிலுக்குப் போனா. அவன் நெஞ்சு பூராக் கட்டு, கையைத் தூக்க முடியாது. பக்கத்துல உக்காந்து, சோத்தைப் பிசைஞ்சு, முள்ளு எடுத்து எடுத்து ஊட்டிவிட்டா. அவன் மாட்டேன்னு தலையை ஆட்டுறான், இவ விடல. அடிச்சட்டி வரைக்கும் வழிச்சு ஊட்டினா. அப்புறம் குழாயில சட்டியைக் கழுவினா.

“அக்கா”ன்னேன். திரும்பினா. “எனக்குக்கா?”

பக்கத்துல வந்தா. “பசிக்குதா?”ன்னா.

“ஆமாக்கா.”

“எவ்வளவு பசிக்குது?”

கேக்குற முறையைப் பாருங்கண்ணே, பாசம். வேற யாரு அப்படிக் கேப்பா? எனக்கும் உள்ளதைச் சொல்லணும்னு தோணுச்சு. “கண்ணு இருட்டுதுக்கா. எந்திரிச்சு நின்னா கீழ விழுந்துருவேன் போல இருக்கு”ன்னேன்.

அவ்வளவுதான். முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுதா. வார்டே திரும்பிப் பாக்குற அளவுக்கு அழுதா. ஏழுமலை சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். அழுதுக்கிட்டே கழுவின சட்டியை எடுத்துக்கிட்டு, இறங்கிப் போயிட்டா. அதுக்கப்புறம் தினம் வந்தா. தினம் அவனுக்குத்தான் ஊட்டினா. என் கட்டில் பக்கம் வரவே இல்ல. இன்னைக்கு பஸ் ஏறுறேன்னு சொல்ல வீட்டுக்குப் போனேன், உள்ள இருந்துக்கிட்டே கதவைத் திறக்கல.

நீங்க என்ன நினைக்குறீங்கன்னு தெரியுது. இல்லண்ணே. எனக்காக அவ எப்படி அழுதா! நீங்க பாக்கல, நான் பாத்தேன். ஒரு செவப்பு கிடையாது, ஒரு மஞ்சள் கிடையாது. பட்டினி போடுறா, அவ்வளவுதான். என்னைக்காவது ஒரு நாள் திறப்பா.